பெயர் தெரியாத பழைய கிட் டி.வி.யை மீண்டும் ஓட வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி காந்தி வீதியின் சண்டே மார்க்கெட்டிலும், கடலூர் முதுநகர், மஞ்சக்குப்பம் பக்கத்துப் பழைய வீடுகளின் பரணிலும் கறுப்பு வெள்ளை டி.வி.கள் இன்னும் கண்ணில் படுகின்றன. அவற்றில் சில எந்தக் கம்பெனியிலும் செய்தவை அல்ல. உதிரிகளைக் கிட்டாக வாங்கி வீட்டிலோ சிறு பட்டறையிலோ கோத்தவை. கீழே உள்ள பதில்கள் அப்படிப்பட்ட செட்டுகளுக்கானவை. சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் கையாளத் தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

என்னிடம் இருப்பது கிட் டி.வி.தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பின்மூடியைக் கழற்றினால் பாதி தெரிந்துவிடும். கம்பெனி செட்டில் வயர்கள் ஒரே நிறவரிசையில் கட்டாகக் கட்டியிருக்கும், சேசிஸில் வரிசை எண் இருக்கும், சால்டர் புள்ளிகள் ஒரே அளவில் இருக்கும். கிட்டில் ஐ.எஃப். போர்டு (ட்யூனர் பிடித்த சிக்னலைப் பெருக்கும் போர்டு) ஒரு நிறம், பவர் சப்ளை போர்டு வேறொரு நிறம். கையில் கிடைத்த வயரை வைத்தே இணைத்திருப்பார்கள். போர்டின் பின்பக்கம் பசை துடைக்கப்படாமல் மஞ்சளாகக் காய்ந்து கிடக்கும். மூலைகளில் மரைக்குப் பதிலாக மரத்துண்டில் அடித்த ஆணியைக்கூடப் பார்க்கலாம்.

முன்பக்கப் பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம். சாலிடேர், டயனோரா என்று எழுதியிருந்தாலும், காலிப் பெட்டியை வாங்கி உள்ளே கிட்டை மாட்டியிருக்கலாம். உள்ளே இருப்பதுதான் சாட்சி.

எந்த ஆண்டைச் சேர்ந்தது?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நம் பக்கத்தில் அதற்கு முன் டி.வி. செய்ய யாருக்கும் காரணம் இருந்திருக்காது. 1982இல் இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு வந்த பிறகும், விலை காரணமாகக் கறுப்பு வெள்ளைக் கிட்டுகள் பல ஆண்டுகள் ஓடின. ஆகவே 1975க்கும் 1990களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் நெருக்கமாக அறிய எலெக்ட்ரோலிடிக் கண்டன்சர்களின் உடலிலும் பிக்சர் ட்யூப் லேபிளிலும் அச்சிட்ட மாதம், ஆண்டைப் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள், ரிப்பேரில் மாற்றியிருக்கலாம். ஐந்தாறு உதிரிகளில் திரும்பத் திரும்ப வரும் ஆண்டுதான் கிட்டின் ஆண்டு. டி.வி.க்குத் தபால் அலுவலகத்தில் லைசென்ஸ் கட்டும் முறை 1980களின் நடுப்பகுதி வரை இருந்தது. வீட்டில் அந்தப் புத்தகம் பத்திரமாக இருந்தால் வேலை மிச்சம்.

பின்பக்கத்தில் பூஸ்டரும் அதற்கான 12 வோல்ட் சப்ளையும் தனியாக ஒட்டியிருந்தால், யாரோ உயரமான ஆன்டெனா போட்டுத் தூரத்து நிலையத்தைப் பிடிக்க முயன்றிருக்கிறார்கள் என்று பொருள். இலங்கை ரூபவாஹினி 1982இல் தொடங்கிய பின் கடலோர ஊர்களில் இந்தப் பழக்கம் பரவியது. செட்டின் வயதுக்கு அது சாட்சியாகாது, பூஸ்டரைப் பின்னால் சேர்த்திருக்கலாம்.

புதுச்சேரி வீடு. செட் பிரான்சிலிருந்து வந்திருக்குமோ?

சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் குடும்பங்களின் வீடுகளில் இது நியாயமான சந்தேகம். பிரான்சில் முதல் சேனல் 1980களின் தொடக்கம் வரை 819 கோடு முறையில் ஓடியது. அங்கே கிடைமட்ட ஓட்டம் நொடிக்கு 20,475. நம்முடையது 625 கோடு, 15,625. அதைவிடப் பெரிய சிக்கல், பிரெஞ்சு முறையில் படச் சிக்னல் நேர்மறை மாடுலேஷன், ஒலி ஏ.எம். நம்முடையதில் படம் எதிர்மறை, ஒலி எஃப்.எம். அந்த செட்டில் நம் சிக்னலைக் கொடுத்தால் படம் நெகடிவ் ஃபிலிம் மாதிரி வரும், சிங்க் (படத்தை நிலையாக நிறுத்தும் சிக்னல்) பிடிக்காது, ஒலியும் வராது.

குமிழ்களில் பிரெஞ்சு எழுத்து, 819/625 மாற்றும் சுவிட்ச், இவை இருந்தால் இந்தப் பக்கத்தில் பவர் சப்ளை, ஈ.எச்.டி. (பிக்சர் ட்யூபுக்கான மிக உயர் வோல்டேஜ்) பற்றிய பகுதிகள் மட்டும்தான் உங்களுக்குப் பொருந்தும்.

சர்க்யூட் படம் எங்கே கிடைக்கும்?

உங்கள் செட்டுக்கே உரிய படம் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிட்டோடு வந்த தாளைத் தேடுவதைவிட, செட் எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிப்பது பயன் தரும். பிலானியில் உள்ள மத்திய மின்னணுப் பொறியியல் ஆய்வு நிறுவனம் கறுப்பு வெள்ளை டி.வி. வடிவமைப்பை உருவாக்கி உற்பத்தியாளர்களுக்குக் கொடுத்தது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் டிரான்சிஸ்டர், ஐ.சி., பிக்சர் ட்யூப் எல்லாம் செய்தது. எல்லோரும் ஏறக்குறைய அதே உதிரிகளை வைத்துச் செய்ததால் நூறு பெயர்களுக்கு அடியில் மூன்று குடும்பங்கள்தான் இருக்கின்றன.

முதலாவது வால்வும் டிரான்சிஸ்டரும் கலந்த ஹைப்ரிட். பி.எல்.504, பி.ஒய்.88, பி.சி.எல்.805 போன்ற வால்வுகள் தெரியும். எல்லா ஹீட்டரும் 300 மில்லி ஆம்பியரில் ஒரே தொடராக ஓடும். ஒன்று அறுந்தால் எல்லாம் அணையும்.

இரண்டாவது 20 அங்குல டிரான்சிஸ்டர் செட். கிட்டுகளில் அதிகம் இதுதான். கிடைமட்ட அவுட்புட்டில் பி.யு.205 என்ற பெரிய உலோக டிரான்சிஸ்டர், ஐ.எஃப்.பில் சி.ஏ.3068, ஒலி ஐ.எஃப்.பில் சி.ஏ.3065, ஒலி அவுட்புட்டில் சி.ஏ.810 அல்லது டி.பி.ஏ.810, கிடைமட்ட ஆசிலேட்டரில் சி.ஏ.920 அல்லது டி.பி.ஏ.920. இவற்றில் இரண்டு கண்ணில் பட்டாலே போதும். அந்த ஐ.சி.க்களின் டேட்டா ஷீட்டில் உள்ள மாதிரிச் சர்க்யூட்டைத்தான் கிட்காரர்கள் பெரும்பாலும் அப்படியே போட்டார்கள்.

மூன்றாவது 12 அல்லது 14 அங்குலச் சின்ன செட். டிரான்ஸ்ஃபார்மர் போட்ட 12 வோல்ட் சப்ளை, பி.யு.407, பெரும்பாலான வேலையை ஒரே ஐ.சி. செய்யும். கே.ஏ.2915, ஏ.என்.5151 வகைகள் இதில் வரும். ரிப்பேர் பழக இதுதான் நல்லது.

குடும்பம் தெரிந்ததும் போர்டின் இரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, பவர் சப்ளையையும் கிடைமட்டப் பகுதியையும் மட்டும் கையால் வரைந்துவிடுங்கள். முழு செட்டையும் வரைய வேண்டியதில்லை. ஒன்றை மனதில் வையுங்கள்: கிட்டைக் கோத்தவர் தவறு செய்திருக்கலாம். டையோடு திரும்பியிருக்கலாம், ரெசிஸ்டர் மதிப்பு மாறியிருக்கலாம். தொழிற்சாலை செட்டில் “முன்பு சரியாக ஓடியது” என்று தொடங்கலாம். இங்கே அந்த உறுதி கிடையாது.

சும்மா ஒரு தடவை பிளக் சொருகிப் பார்க்கலாமா?

கூடாது. இருபது முப்பது ஆண்டுகள் படுத்திருந்த ஃபில்டர் கண்டன்சர் முதல் நொடியிலேயே ஷார்ட் ஆகலாம். அதோடு ரெக்டிஃபையரும் சில வேளை பி.யு.205உம் போகும். சண்டே மார்க்கெட்டில் “ஓடுது சார், லைட் எரியுது” என்று போட்டுக் காட்டி விற்றிருந்தால், அந்தச் சில நொடியில் என்ன போனதோ என்று சந்தேகப்பட்டே தொடங்குங்கள்.

எவ்வளவு ஆபத்து?

மூன்று இடத்தில் ஆபத்து. ஒன்று, பிக்சர் ட்யூபின் ஆனோடு. 20 அங்குல ட்யூபில் ஓடும்போது 16 முதல் 18 கிலோ வோல்ட் வரை இருக்கும், அணைத்த பிறகும் தங்கும். ஒரு வயரின் ஒரு முனையை ட்யூபின் வெளிப்பக்கக் கறுப்புப் பூச்சைத் தொடும் வெற்றுக் கம்பியில் கிளிப் செய்யுங்கள். மறுமுனையை நல்ல கைப்பிடியுள்ள நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் தண்டில் சுற்றி, ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்துத் தொடுங்கள். பத்து நிமிடம் கழித்து மீண்டும் செய்யுங்கள், ஏனென்றால் கண்ணாடிக்குள் மிச்ச மின்னேற்றம் மறுபடி மேலே வரும். ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்ளும் பழக்கம் நல்லது.

இரண்டு, சூடான சேசிஸ், அதாவது மெயின்ஸ் மின்சாரம் ஏறிய சட்டம். இரண்டாம் குடும்ப செட்டுகள் பலவற்றில் மெயின்ஸ் நேராக ரெக்டிஃபையருக்குப் போகிறது. ஒற்றை டையோடு என்றால் பிளக்கைத் திருப்பிப் போட்டதும் சேசிஸே ஃபேஸ் ஆகிவிடும். பிரிட்ஜ் போட்டிருந்தால் எப்படிச் சொருகினாலும் சேசிஸில் மின்சாரம் இருக்கும். மேஜையில் வேலை செய்யும்போது 230க்கு 230 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். டிரான்சிஸ்டர் செட்டுக்கு 150 வி.ஏ., ஹைப்ரிட்டுக்கு 250 வி.ஏ. போதும். சேசிஸையும் பி பிளஸ் (செட்டின் முக்கிய டி.சி. சப்ளை) லைனையும் இரண்டு கையால் தொட்டால் எந்த டிரான்ஸ்ஃபார்மரும் காப்பாற்றாது.

மூன்று, ட்யூபின் கழுத்து. உள்ளே வெற்றிடம். கழுத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது. முகப்பைக் கீழே வைத்து மெத்தை அல்லது மடித்த போர்வை மேல்தான் கிடத்த வேண்டும்.

என்னென்ன கருவி வேண்டும்?

25 வாட் சால்டரிங் அயர்ன். பெரிய அயர்ன் வைத்தால் பழுப்பு நிறப் போர்டில் செப்புத் தடம் உரிந்து எழுந்துவிடும். டிஜிட்டல் மல்டிமீட்டர், கண்டன்சர் மீட்டர், சால்டர் உறிஞ்சும் பம்ப், பிளாஸ்டிக் டியூனிங் குச்சி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், மென்மையான பிரஷ். பிறகு சீரிஸ் லேம்ப் போர்டு, அதாவது மெயின்ஸுக்கும் செட்டுக்கும் நடுவே தொடராக ஒரு பல்பு. ஹைப்ரிட்டுக்கு 200 வாட், 20 அங்குல டிரான்சிஸ்டர் செட்டுக்கு 100 வாட், சின்ன செட்டுக்கு 60 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. ஆசிலோஸ்கோப் இருந்தால் கொண்டாட்டம், இல்லாமலும் செய்யலாம்.

புயலில் நனைந்த செட், உப்புப் பூத்திருக்கிறது. தேறுமா?

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தது. ஓடு பறந்த வீடுகளில் பரணில் இருந்தவை நனைந்தன. மழைநீர் மட்டும் என்றால் தேறும். வெள்ளத்தில் மூழ்கியதென்றால் யோக்கையும் (ட்யூபின் கழுத்தில் மாட்டிய சுருள்) எல்.ஓ.டி.யையும் (ஈ.எச்.டி. தரும் லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்) சந்தேகக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

நனையாத செட்டிலும் கடற்காற்று தன் வேலையைக் காட்டும். டிரான்சிஸ்டர் கால்கள், பொட்டென்ஷியோமீட்டர் முனைகள், ட்யூப் சாக்கெட் ஆகியவற்றில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் அது மின்சாரம் கடத்தும். இதனால்தான் சித்திரையில் ஓடிய செட் மழைக்காலத்தில் கெடுகிறது.

ட்யூனர், எல்.ஓ.டி., ஸ்பீக்கர் மூன்றையும் நீக்கிவிட்டுப் போர்டை டிஸ்டில்டு வாட்டரில் பிரஷ்ஷால் கழுவுங்கள். குழாய் நீர் வேண்டாம், உப்பைக் கழுவப் போய் உப்பைச் சேர்ப்போம். பிறகு ஆல்கஹாலில் ஒரு முறை. நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். எல்.ஓ.டி.யையும் யோக்கையும் அட்டைப் பெட்டியில் 40 வாட் பல்போடு ஒரு நாள் முழுக்க வைத்து வெதுவெதுப்பில் உலர்த்துங்கள். நேர் வெயிலில் வைத்தால் அதன் மேல் ஊற்றிய மெழுகு உருகும்.

எல்லாக் கண்டன்சர்களையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாமா?

வேண்டாம். இருபது இடத்தில் கை வைத்தபின் செட் ஓடவில்லை என்றால், பழைய பழுதா நாம் போட்ட பழுதா என்று தெரியாது. எலெக்ட்ரோலிடிக்குகளைப் பகுதி பகுதியாக மாற்றுங்கள், ஒவ்வொரு பகுதிக்கும் பிறகு சோதியுங்கள். 105 டிகிரி வகை வாங்குங்கள். வோல்டேஜ் அதே அல்லது கூட இருக்கலாம், குறையக் கூடாது. போர்டில் அச்சிட்ட கூட்டல் குறியை நம்பாமல் பழையது எந்தப் பக்கம் இருந்தது, சர்க்யூட்டில் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் இரண்டையும் பாருங்கள். மேலே சொன்ன “கோத்தவரின் தவறு” பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

பாலியெஸ்டர் கண்டன்சர்களைத் தொட வேண்டியதில்லை. ஹைப்ரிட்டில் உள்ள மெழுகு பூசிய பேப்பர் கண்டன்சர்களை மட்டும் கேள்வியே இல்லாமல் மாற்றலாம்.

பெரிய அலுமினியக் கேனை அப்படியே வைத்திருக்க ஆசையா? ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எடுத்த டி.சி.யை 47 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்து, அந்த ரெசிஸ்டரின் இரு முனைக்கு இடையே அளந்துகொண்டே இருங்கள். அங்கே 47 வோல்ட் என்றால் கசிவு 1 மில்லி ஆம்பியர். நாலைந்து மணி நேரத்தில் அதற்குக் கீழே இறங்கினால் கேன் பிழைத்தது. கேன் சுட்டாலோ அளவு இறங்காமல் நின்றாலோ தூக்கிப் போடுங்கள்.

ரெசிஸ்டர்களில் கார்பன் வகை வயதாக ஆக மதிப்பு கூடும். 470 கிலோ ஓமுக்கு மேற்பட்டவற்றை ஒரு காலைக் கழற்றி அளந்து பாருங்கள். படத்தின் உயரம் போதாமல் போவதற்கு ஹைட் கண்ட்ரோலுடன் தொடரும் ரெசிஸ்டர்தான் பல நேரம் காரணம்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும் வரிசை என்ன? (இரண்டாம் குடும்ப செட்டுக்கு)

பி.யு.205 கலெக்டருக்குப் போகும் பி பிளஸ் லைனை எல்.ஓ.டி. அருகே கழற்றுங்கள். அந்த இடத்தில் சுமையாக 230 வோல்ட் 60 வாட் குண்டு பல்பை சேசிஸுக்கும் லைனுக்கும் இடையே கட்டுங்கள். மெயின்ஸ் ஃப்யூஸ் எவ்வளவு என்று பாருங்கள். 1 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் கம்பி சுற்றியிருப்பது சாதாரணம். சரியான ஃப்யூஸ் போட்ட பிறகு சீரிஸ் லேம்ப் வழியாகக் கொடுங்கள்.

சீரிஸ் லேம்ப் பளிச்சென்று எரிந்து சட்டென மங்கினால் கண்டன்சர் நிரம்புகிறது, நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட், உடனே அணையுங்கள். ரெக்டிஃபையர் பி.ஒய்.127 ஷார்ட்டா, மெயின் ஃபில்டர் ஷார்ட்டா, ரெகுலேட்டர் டிரான்சிஸ்டரின் மைக்கா வாஷர் கிழிந்து ஹீட் சிங்கைத் தொடுகிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள்.

சப்ளை நிலைத்ததும் பி பிளஸ்ஸை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 100 முதல் 150 வோல்ட்டுக்குள் இருக்கும். ப்ரீசெட்டை (போர்டில் உள்ள சிறு திருகு கண்ட்ரோல்) திருப்பினால் அது ஏறி இறங்க வேண்டும். ஏறி இறங்காமல் 300ஐ ஒட்டி நின்றால் சீரிஸ் டிரான்சிஸ்டர் ஷார்ட். அதைச் சரி செய்யாமல் எல்.ஓ.டி.யை இணைத்தால் பி.யு.205 ஒரு நொடி தாங்காது.

பிறகே பல்பைக் கழற்றி எல்.ஓ.டி.யை இணைக்க வேண்டும், அப்போதும் சீரிஸ் லேம்ப் நடுவில் இருக்கட்டும்.

ஒலி வருகிறது, திரை இருட்டு. எங்கே தொடங்குவது?

கேட்கப்படும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். முதலில் ட்யூபின் கழுத்தில் ஹீட்டர் எரிகிறதா என்று இருட்டில் பாருங்கள். எரிந்தால், ஈ.எச்.டி. இருக்கிறதா என்று அறிய முன்கையைத் திரைக்கு அருகில் கொண்டுபோங்கள், ரோமம் சிலிர்க்கும். ஸ்க்ரூ டிரைவரால் ஆனோடிலிருந்து ஸ்பார்க் இழுத்துப் பார்க்கும் பழைய மெக்கானிக் வழக்கம் வால்வு காலத்தது. டிரான்சிஸ்டர் செட்டில் அந்த ஒரு ஸ்பார்க் போதும், பி.யு.205 போய்விடும். ஹை வோல்டேஜ் ப்ரோப் இருந்தால் அதில் அளப்பதே முறை.

ஈ.எச்.டி. இருந்தும் இருட்டு என்றால் ட்யூப் சாக்கெட்டில் அளக்கவும். முதல் ஆனோடில் சில நூறு வோல்ட் வர வேண்டும். கத்தோடு வோல்டேஜ் வீடியோ சப்ளைக்குச் சமமாக ஏறி நின்றால் வீடியோ அவுட்புட் டிரான்சிஸ்டர் திறந்துவிட்டது, பெரும்பாலும் பி.டி.115. நேர்மாறாக அது ஷார்ட் ஆனால் திரை முழுப் பளிச்சில் இருக்கும், சாய்வான திரும்பு கோடுகள் தெரியும், பிரைட்னஸ் கட்டுப்படாது.

ஈ.எச்.டி. இல்லை என்றால் கிடைமட்டப் பகுதிக்கு வருகிறோம். சி.ஏ.920க்கு அதன் சப்ளை வருகிறதா? அதன் வெளியீட்டில் 15,625 ஹெர்ட்ஸ் இருக்கிறதா? மல்டிமீட்டரில் ஃப்ரீக்வென்ஸி ரேஞ்ச் இருந்தால் தெரியும். டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரின் கால்களில் டிரை சால்டர் வருவது சகஜம். கனமான உதிரி, போர்டில் தொங்கிக்கொண்டே இருப்பதால் புள்ளியைச் சுற்றி வளையமாக விரிசல் விழும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், சந்தேகமே வேண்டாம், அத்தனையையும் மறுபடி சால்டர் செய்துவிடுங்கள்.

டிரைவ் இருக்கிறது, ஆனால் சீரிஸ் லேம்ப் பிரகாசமாக எரிகிறது, பி.யு.205 சில நொடியில் சுடுகிறது என்றால் எல்.ஓ.டி.யில் சுற்று ஷார்ட், அல்லது அதிலிருந்து எடுத்த துணை சப்ளைகளில் ஒரு டையோடு ஷார்ட், அல்லது யோக் ஷார்ட். துணை டையோடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். பின் யோக் இணைப்பைப் பிரித்துச் சில நொடி மட்டும், சீரிஸ் லேம்ப் வழியாகவே ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் மாற்றம் இல்லையென்றால் எல்.ஓ.டி.தான். ஈ.எச்.டி. ஸ்டிக் தனியாக இருந்தால், அதாவது டிவி18 வகை, முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். அது கசிந்தாலும் இதே அறிகுறிதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பி.யு.205 கலெக்டருக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள ரீட்ரேஸ் கண்டன்சரை அலட்சியம் செய்யாதீர்கள். சரியான மதிப்பில் கலெக்டரில் எழும் உச்ச வோல்டேஜ் பி பிளஸ்ஸைப்போல் எட்டு முதல் பத்து மடங்கு. பி.யு.205இன் எல்லை 1500 வோல்ட். கண்டன்சர் பாதி மதிப்புக்கு இறங்கினால் அந்த உச்சம் சுமார் 1.4 மடங்காகும். ஈ.எச்.டி.யும் கூடவே ஏறும், படம் சுருங்கும், தேவையற்ற எக்ஸ்ரேயும் வரும். முழுக்கத் திறந்துவிட்டால் டிரான்சிஸ்டர் உடனே சாகும். புது பி.யு.205 போட்டதும் மறுபடி போகிறது என்பவர்கள் பலர் இந்தக் கண்டன்சரைத்தான் பார்க்காமல் விடுகிறார்கள். அதே மதிப்பில், 1600 அல்லது 2000 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் வகையே போட வேண்டும். கடையில் தரும் சாதாரண 630 வோல்ட் வேண்டாம்.

நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. வேறொன்றுமில்லை.

உடனே பிரைட்னஸைக் குறையுங்கள், இல்லாவிட்டால் பாஸ்பரில் அந்தக் கோடு நிரந்தரமாகப் பதியும். படுக்கைக் கோடு என்றால் வெர்டிகல் பகுதி நின்றிருக்கிறது. வெர்டிகல் அவுட்புட்டிலிருந்து யோக்குக்குப் போகும் பெரிய எலெக்ட்ரோலிடிக், அந்தப் பகுதியின் சப்ளை ரெசிஸ்டர், யோக் பிளக் இவற்றைப் பாருங்கள். நிற்கும் கோடு என்றால் யோக்கின் கிடைமட்டச் சுருள் அல்லது அதோடு தொடரும் எஸ் கரெக்‌ஷன் கண்டன்சர்.

படம் மடங்கிக் கீழே இரட்டையாகத் தெரிந்தால் முன்சொன்ன அதே எலெக்ட்ரோலிடிக்.

படம் வருகிறது, ஆனால் உருள்கிறது, கிழிகிறது, பட்டை ஓடுகிறது.

திரையில் ஒரு கறுப்புப் பட்டை மெல்ல நகர்ந்தால் 50 ஹெர்ட்ஸ் ஹம், ஒற்றை டையோடு சப்ளையின் ஃபில்டர். இரண்டு பட்டை என்றால் 100 ஹெர்ட்ஸ், பிரிட்ஜ் சப்ளை. மேலிருந்து கீழே உருள்வது வெர்டிகல் ஹோல்டில் சரியாகாமல், ஆனால் சாய்வாகக் கிழியவில்லை என்றால் வெர்டிகல் ஆசிலேட்டர். உருளலும் கிழிதலும் சேர்ந்தே வந்தால் சிங்க் செபரேட்டர், அதற்குப் போகும் கப்ளிங் கண்டன்சர். நாலு பக்கமும் சுருங்கினால் பி பிளஸ் குறைவு.

மழைக்காலத்தில் மட்டும் சிஸ் என்ற சத்தமும் நீல ஒளியும் வந்தால் ஆனோடு மூடியைச் சுற்றி அழுக்கு. டிஸ்சார்ஜ் செய்துவிட்டு ஆல்கஹாலில் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள்.

ட்யூனரையும் ஐ.எஃப். கேன்களையும் திருகலாமா?

ட்யூனரின் திரும்பும் உருளையில் உள்ள வெள்ளிக் காண்டாக்ட்டுகளை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கலாம். உப்புக்காகிதம் வேண்டாம், எண்ணெய் மிஞ்சும் ஸ்ப்ரேயும் வேண்டாம். ஐ.எஃப். கேன்களின் உட்கருவைத் தொடாதீர்கள். படம் 38.9 மெகாஹெர்ட்ஸ், ஒலி 33.4 மெகாஹெர்ட்ஸ் என்பது நம் செட்டுகளின் கணக்கு. ஸ்வீப் ஜெனரேட்டர் இல்லாமல் திருகினால் திரும்பி வர வழி கிடையாது. உலோக ஸ்க்ரூ டிரைவரால் திருகியதில் உடைந்த கருக்களைக் கிட் செட்டுகளில் அடிக்கடி பார்க்கலாம்.

விதிவிலக்கு ஒன்று: ஒலியில் மட்டும் படபடப்பு இரைச்சல் இருந்தால் சி.ஏ.3065 அருகே உள்ள 5.5 மெகாஹெர்ட்ஸ் டிடெக்டர் காயிலைப் பிளாஸ்டிக் குச்சியால் கால் சுற்றுக்குள் திருப்பிப் பார்க்கலாம். முதலில் இருந்த நிலையைப் பேனாவால் குறியுங்கள்.

பிக்சர் ட்யூப் மங்கல். உயிர் கொடுக்க முடியுமா?

சூடேறிப் பல நிமிடம் கழித்தே படம் வருவது, வெள்ளைப் பகுதிகள் வெள்ளி போல மினுங்குவது, பிரைட்னஸ் ஏற்றினால் ஃபோகஸ் கெடுவது, இவை எமிஷன், அதாவது ட்யூபின் எலெக்ட்ரான் வெளியிடும் திறன், போன அறிகுறி. 6.3 வோல்ட் ஹீட்டரை 7.5 வரை ஏற்றி ஓட்டினால் கொஞ்ச காலம் தெளியும். கடைசி வழியாக மட்டும் செய்யுங்கள். முதலில் சாக்கெட்டைச் சுத்தம் செய்து ஹீட்டர் வோல்டேஜ் சரியாக வருகிறதா என்று பாருங்கள். உப்பேறிய சாக்கெட்டில் ஒரு வோல்ட் தொலைவது சாதாரணம்.

மாற்று ட்யூப் என்றால் இன்னொரு செட்டிலிருந்து எடுப்பதுதான். அளவு மட்டும் பொருந்தினால் போதாது. 90 டிகிரியா 110 டிகிரியா, கழுத்துத் தடிமன், ஹீட்டர் வோல்டேஜ் மூன்றும் ஒத்துவர வேண்டும். சின்ன ட்யூபுகளில் 12 வோல்ட் ஹீட்டரும் உண்டு.

உதிரிகள் கிடைக்குமா?

பழைய லாக்ஃபிட் வகை பி.சி.147, பி.சி.148, பி.சி.158க்குப் பதில் பி.சி.547, 548, 558 போடலாம். பி.எஃப்.194, 195க்கு பி.எஃப்.494, 495. கால் வரிசை மாறும், டேட்டா ஷீட் பார்த்தே வளைத்துப் போடுங்கள். பி.டி.115க்கு பி.எஃப்.337 அல்லது 338. பி.ஒய்.127க்கு 1என்5408. பி.யு.205க்குப் பதில் பி.யு.208 போடுபவர்கள் ‘டி’ என்று முடியும் வகையைத் தவிர்க்கவும், அதற்குள் டாம்பர் டையோடும் பேஸ் ரெசிஸ்டரும் ஏற்கெனவே இருப்பதால் டிரைவ் மாறும்.

ஐ.சி.க்களும் எல்.ஓ.டி.யும் சென்னை ரிச்சி தெருவில் பழைய சரக்காகத் தேட வேண்டியவை. எல்.ஓ.டி.யைக் கையில் எடுத்துப் போங்கள். கால் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் வரிசை வேறாக இருக்கலாம்.

ஓடுகிறது. இனி எதைப் பார்ப்பது? ஆன்டெனாவில் ஒன்றும் வரவில்லையே.

வராது. தூர்தர்ஷன் அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை 2022க்குள் ஏறக்குறைய எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. செட்டாப் பாக்ஸின் ஏ.வி. அவுட்புட்டை ஓர் ஆர்.எஃப். மாடுலேட்டருக்குக் கொடுத்து அதை டி.வி.க்குக் கொடுக்க வேண்டும். பாக்ஸின் அமைப்பில் பி.ஏ.எல். தேர்ந்தெடுங்கள்.

மாடுலேட்டர் வாங்கும்போது கவனம். வெளிநாட்டுச் சின்ன மாடுலேட்டர்கள் அமெரிக்கக் கணக்கில் சேனல் 3, 4 தரும், ஒலி இடைவெளி 4.5 மெகாஹெர்ட்ஸ். படம் ஃபைன் ட்யூனிங்கில் பிடிபடும், ஒலி வராது. நமக்கு வேண்டியது 5.5. நம் சேனல் 3 படம் 55.25, சேனல் 4 படம் 62.25 மெகாஹெர்ட்ஸ். கேபிள் டிஜிட்டல் ஆன பிறகு ஆபரேட்டர்களிடம் முடங்கிய அனலாக் மாடுலேட்டர்கள் இதற்கு மிகப் பொருத்தம். கேட்டுப் பாருங்கள், குறைந்த விலைக்கே தருவார்கள். யு.எச்.எஃப். மட்டும் தரும் மாடுலேட்டர் உதவாது, கிட் ட்யூனர்கள் பெரும்பாலும் வி.எச்.எஃப். மட்டும்தான்.

செட்டின் பின்னால் தட்டை வயருக்கான இரண்டு திருகுகள் இருந்தால் அது 300 ஓம். கோஆக்ஸியல் 75 ஓம். நடுவில் இரண்டையும் பொருத்தும் பலன் (balun) என்ற சிறு டிரான்ஸ்ஃபார்மர் போடாவிட்டால் படத்தில் நிழல் வரும்.

ஏ.வி. ஜாக் நேரடியாகப் போட்டுவிட்டால் சுலபமாயிற்றே?

சூடான சேசிஸில் ஒருபோதும் வேண்டாம். ஜாக்கின் வெளி உலோகம் சேசிஸோடு சேரும். செட்டாப் பாக்ஸின் பெட்டி வரை மெயின்ஸ் வந்துவிடும், தொட்டவர் கதி முடிந்தது. மூன்றாம் குடும்ப செட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் போடலாம், அங்கும் மீட்டரால் பிளக் முனைக்கும் சேசிஸுக்கும் இடையே இணைப்பு இல்லை என்று உறுதி செய்த பிறகே. ஆன்டெனா முனையிலும் சூடான சேசிஸ் செட்டுகளில் தனிமைப்படுத்தும் சிறு கண்டன்சர்கள் இருக்கும். அவற்றை யாராவது பாலம் போட்டிருக்கிறார்களா பாருங்கள்.

மரப்பெட்டியும் ஷட்டரும் செல்லரித்திருக்கின்றன.

கரையான் வந்த பிளைவுட்டை மருந்து அடித்து வைத்துக்கொள்ளலாம், தாங்கும் பகுதியாக இருந்தால் மாற்றிவிடுங்கள். 20 அங்குல ட்யூபின் எடை முழுக்க முன்பலகையில்தான் இருக்கிறது. ஷட்டர் இறுக்கமாக இருந்தால் ஓடும் காடியில் மெழுகு தடவுங்கள், எண்ணெய் வேண்டாம். பின்மூடியின் காற்றுத் துளைகளைப் பூச்சியடைக்க மூடிவிடாதீர்கள், வேண்டுமானால் நைலான் கொசுவலை ஒட்டுங்கள்.

எல்.ஓ.டி.யும் போய்விட்டது, ட்யூபும் போய்விட்டது. என்ன செய்வது?

ட்யூனர், யோக், ஐ.சி.க்கள், ஸ்பீக்கர், குமிழ்கள், ஷட்டர் இவற்றைக் கழற்றி வையுங்கள். அடுத்த செட்டுக்குப் பயன்படும். ட்யூபைக் காயலான் கடைக்குக் கொடுக்காதீர்கள், செப்புக்காகவும் கண்ணாடிக்காகவும் அதைத் திறந்த வெளியில் உடைப்பார்கள், கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் முழுதாகக் கொடுங்கள். எடுத்துப் போகும்போது கழுத்துப் பக்கத்துக்கு அட்டை சுற்றி, முகப்பு கீழே இருக்கும்படி வையுங்கள்.